அத்தையின் கலர் ஜாக்கெட்

நவம்பர் 23, சனி

காலை ஆறரைக்கு ஹாலில் ஆறடி தள்ளி நிற்கும் அத்தையின் மூச்சு புகையாகத் தெரிந்தது. ஊட்டிக்குக் குடிவந்து இது எங்களுக்கு மூன்றாவது குளிர்காலம், அத்தைக்கு முதல் குளிர்காலம். திருப்பூர்க்காரருக்கு 20 டிகிரியே குளிர். இங்கே அடுத்த மாதம் புல்லில் உறைபனி விழும்.

பொட்டானிக்கல் கார்டன் பக்கம் திபெத்தியர்கள் போடும் ஸ்வெட்டர் கடைகளில் போன வாரம் ஒன்று வாங்கித் தந்தோம். நல்ல ஸ்வெட்டர்தான். ஆனால் தலைவழியாகப் போடுவது. அத்தைக்கு வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டு ஒரு வருடமாகக் கை மேலே போவதில்லை. நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக இழுத்துப் போட்டுவிட்டால், உள்ளே முந்தானை மூட்டை மாதிரி திரண்டு நிற்கிறது.

"முன்னால திறக்கற மாதிரி ஒண்ணு தச்சுக் குடு கண்ணு. நீதான் ஊருக்கே ஜாக்கெட் தைக்கறயே" என்றார்.

ஊருக்கே நான் தைப்பது வேறு ஜாக்கெட். நம் ஊரில் அந்தச் சொல் ரவிக்கைக்குப் போய்விட்டதால், குளிருக்குப் போடுகிற ஜாக்கெட்டை என்னவென்று சொல்வது என்றே தெரியவில்லை. சரி, ஸ்வெட்ஷர்ட் துணியில் ஜிப் வைத்த ஜாக்கெட். பனியன் துணியில் நான் இதுவரை ஒன்றும் தைத்ததில்லை.

நவம்பர் 27, புதன்

நாத்தனார் வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் திருப்பூர் காதர்பேட்டை. ஏற்றுமதியில் மிஞ்சிய துணி கிலோ கணக்கில் கிடைக்கும் இடம். நான் கடைக்காரரிடம் "ஸ்வெட்டருக்கு ஆகிற மாதிரி துணி" என்று இழுத்துக்கொண்டிருக்க, அத்தை முன்னால் வந்து "த்ரீ த்ரெட் ஃபிளீஸ், 300 ஜிஎஸ்எம், உள்பக்கம் பிரஷ் பண்ணினது இருக்குங்களா?" என்றார். கடைக்காரர் அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

அத்தை 22 வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தக் கைகள் துணியைத் தொடுவதை இன்றுதான் பார்த்தேன். விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, ஒரே மஞ்சளில் இரண்டு துண்டு எடுத்து ஒட்டவைத்து "இது வேற லாட்டுங்க, ஷேடு மாறுது" என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு இரண்டும் ஒரே மஞ்சள்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. 300 என்றால் ஒரு கிலோவில் மூன்றே கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகக் கிடைக்கும். சாதாரண டீ ஷர்ட் துணி 160, 180தான் இருக்கும். இந்தத் துணியின் உள்பக்கத்தில் முதலில் வளையம் வளையமாக நூல் நிற்கும். அதுதான் லூப் நிட். அந்த வளையங்களைக் கம்பிப் பல் வைத்த உருளையில் ஓட்டிக் கலைத்துவிட்டால் பஞ்சு மாதிரி எழும்பி ஃபிளீஸ் ஆகும். அந்தப் பஞ்சுக்குள் காற்று அசையாமல் நிற்பதால்தான் கதகதப்பு.

கலர் அத்தையின் தேர்வு. உடம்புக்குக் கடுகு மஞ்சள், கைகளுக்குச் சிவப்பு, பாக்கெட்டுக்கு மயில் நீலம், கைமுனையிலும் கழுத்திலும் இடுப்பிலும் வைக்கிற ரிப் என்ற இழுவைப் பட்டைக்கு இலைப்பச்சை. எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோ. "கொஞ்சம் அடக்கமா கிரே எடுக்கலாமே அத்தை" என்று சொல்லிப் பார்த்தேன்.

"22 வருசம் கிரே மெலாஞ்ச்சும் நேவி புளூவும்தான் பார்த்தேன். வெளிநாட்டுக்காரனுக்கு அது போதும். எனக்கு வேண்டாம்."

நவம்பர் 30, சனி

தைப்பதற்கு முன் துவைக்க வேண்டும், இது அத்தையின் உத்தரவு. துவைக்கும் முன்பு மஞ்சள் துணியில் 20 அங்குலச் சதுரம் ஒன்றை நூலோட்டித் தனியே குறித்து வைத்தேன்.

சிவப்பைப் பக்கெட்டில் தனியாகப் போட்டதும் தண்ணீர் பீட்ரூட் ரசம். பக்கத்து வீட்டம்மா கல் உப்பு போடச் சொன்னார். உப்பு சாயம் ஏற்றும்போது சாயத்தைப் பஞ்சுக்குள் தள்ளத்தான் உதவும். ஒட்டாமல் தங்கிய சாயத்தைச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு வெளியேற்றுவதுதான் வழி. நான்கு தண்ணீர் மாற்றினேன். ஐந்தாவதில் வெள்ளைக் கைக்குட்டையை ஈரத்தோடு தேய்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

டிவியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடக்கிறது. இங்கே மூட்டம். துணி எப்போது காயும் என்று கேட்காதீர்கள்.

டிசம்பர் 3, செவ்வாய்

காயவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

காய்ந்தது. 20 அங்குலச் சதுரம் இப்போது சதுரம் இல்லை. நீளவாக்கில் 18¾, அகலவாக்கில் 19½. அப்படியே வெட்டித் தைத்திருந்தால் 24 அங்குல ஜாக்கெட் முதல் துவைப்பிலேயே ஒன்றரை அங்குலம் மேலே ஏறியிருக்கும்.

பின்னல் துணி நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும். சாம்பியன் கம்பெனி 1930களின் கடைசியில் இதற்கு ஒரு வழி கண்டது. துணியைத் திருப்பிப் போட்டு, நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம் வருமாறு வெட்டினார்கள். ரிவர்ஸ் வீவ் என்று இன்றும் அந்தப் பெயரிலேயே விற்கிறார்கள். நானும் அப்படிச் செய்யலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் அப்படி வெட்டினால் உடம்பைச் சுற்றி இழுவை குறைந்துவிடும்; புடவைக்கு மேலே போடுகிற ஒன்றுக்கு அது சரிவராது. துவைத்தாயிற்று, போதும்.

மாலையில் அளவு எடுத்தேன். புடவை கட்டிய நிலையிலேயே, முந்தானையையும் சேர்த்து. மார்பு 39. ஆறு அங்குலம் தளர்வு சேர்த்து 45. இடது தோள் வலது தோளைவிட அரை அங்குலம் உயரம். முந்தானை மடிப்பும் ஊக்கும் சேர்ந்த உயரம் அது. ரெடிமேட் கடைகளில் இந்த அரை அங்குலத்தை யாரும் நினைப்பதில்லை.

கைக்கு ராக்லன் வெட்டு என்று முடிவு செய்தேன். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகத் தையல் போகும். தோளில் தையலே கிடையாது. 1815இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயர் அது. அவர் எளிதாகப் போட்டுக்கொள்ளத்தான் இந்த வெட்டு வந்தது என்பார்கள். கை தூக்க முடியாத அத்தைக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. கதையைச் சொன்னேன். "எனக்குக் கை இருக்குது கண்ணு" என்றார்.

டிசம்பர் 8, ஞாயிறு

வெட்டினேன். ரவிக்கைத் துணி மேஜையில் போட்ட இடத்தில் கிடக்கும். இது தொங்கும் பக்கமெல்லாம் தன் எடையிலேயே நீள்கிறது. தரையில் பாய் விரித்து அதன்மேல் போட்டு வெட்டினேன். உள்பக்கப் பஞ்சைத் தடவிப் பார்த்து எல்லாத் துண்டும் ஒரே பக்கம் படிகிற மாதிரி வைக்க வேண்டும். ஜாக்கெட் கைக்கான ஒரு துண்டைத் தலைகீழாக வைத்துவிட்டேன், அத்தை தடவியே கண்டுபிடித்தார்.

வீடு முழுக்க மஞ்சளும் சிவப்புமாகப் பஞ்சு பறக்கிறது. சாம்பாரில்கூட.

டிசம்பர் 10, செவ்வாய்

வழக்கமான ஊசியில் ஆரம்பித்தேன். பத்து தையலுக்கு மூன்று விட்டுப்போனது. கூர் ஊசி பின்னல் நூலைக் குத்தி அறுத்தும் விடும். அப்புறம் அங்கிருந்து ஓட்டை வளரும். பால் பாயிண்ட் ஊசி மாற்றினேன், 90 சைஸ். அதன் உருண்டை முனை நூலை விலக்கிவிட்டு இடுக்கில் நுழைகிறது. பாலியெஸ்டர் நூல், குறுகலான ஜிக்ஜாக். நேர்த்தையல் போட்டால் துணி நீளும்போது நூல் பட்டென்று அறும்.

கம்பெனியில் இதற்கெல்லாம் துணியோடு நீளும் தையல் போடுகிற ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்கள் இருக்கும். என்னிடம் ஒரே மெஷின். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்து வைத்து மெதுவாக ஓட்டினேன். நான்கு ராக்லன் தையலும் முடிந்தன. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்ததும் பார்க்க முருகன் கோயில் குடை மாதிரி இருக்கிறது. எனக்கே ஆசையாகிவிட்டது.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். மெஷினைத் தொடவில்லை. பொரி உருண்டை கெட்டிப்பட்டுப் போனது தனிக் கதை.

டிசம்பர் 15, ஞாயிறு

ரிப் நாள். கைமுனைக்கும் கழுத்துக்கும் ரிப்பை, தைக்கிற வாயின் அளவில் ஐந்தில் நான்கு பங்காக வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். அப்போதுதான் கவ்வும். ரிப்பையும் வாயையும் நான்காகப் பிரித்து ஊக்கு குத்திக்கொண்டால் இழுவை ஒரே சீராக வரும்.

இடுப்புப் பட்டையை மட்டும் அந்தக் கணக்கில் வெட்டவில்லை. இறுக்கிப் பிடித்தால் ஜாக்கெட் ஏறி ஏறிக் கொசுவத்துக்கு மேலே பலூனாக நிற்கும். கிட்டத்தட்ட முழு அளவுக்கே விட்டேன். காற்று கொஞ்சம் உள்ளே போகும், போகட்டும்.

டிசம்பர் 18, புதன்

ஜிப். 24 அங்குலத்தில், கீழே முழுசாகப் பிரிகிற ஓப்பன் ஜிப் வேண்டும். அப்பர் பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். கருப்பு இருந்தது, ரோஸ் இருந்தது. "ரோஸ்" என்றார் அத்தை ஃபோனில், நான் கேட்டு முடிப்பதற்குள்.

மத்தியானம் தைத்தேன். தைத்து முடித்து மேஜையில் போட்டால் முன்பக்கம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிநெளியாக நிற்கிறது. அளந்து பார்த்தேன். 24 அங்குல ஓரம் 25½ ஆகியிருந்தது. ஜிப் நீளவில்லை, துணி நீண்டுவிட்டது. இஸ்திரி போட்டால் சரியாகிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு இஸ்திரியும் போட்டேன்.

அத்தை ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். எட்டரை மணி வரைக்கும் பிரித்தோம்.

"ஜாக்கெட் துணி தச்ச கை உனக்கு. பின்னாலயும் பிடிக்கற, முன்னாலயும் பிடிக்கற. எதுக்கு இழுக்கற? அது பாட்டுக்குப் போகட்டும்."

டிசம்பர் 19, வியாழன்

இரண்டு ஓரங்களையும் ஆவி இஸ்திரியில் தட்டித் தட்டிச் சுருங்க வைத்தேன். தேய்த்தால் மறுபடி நீளும். தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். அப்புறம் இஸ்திரியில் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸை முக்கால் அங்குல நாடாவாக வெட்டி உள்பக்கம் ஒட்டினேன். ஜிப்பை முதலில் கையால் நூலோட்டிவிட்டு, துணியை ஜிப்புக்கு அடியில் வைத்துத் தைத்தேன். பின்பக்கம் இருந்த கையை மடியில் வைத்துக்கொண்டேன். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேராக வந்தது. கிட்டத்தட்ட நேராக.

டிசம்பர் 22, ஞாயிறு

ஜாக்கெட் முடிந்தது. எடை 690 கிராம். அத்தையிடம் கொடுத்தேன். போட்டுப் பார்ப்பார் என்று நினைத்தால், ஜன்னலோர மேஜையில் விரித்துவைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வலது கையிலிருந்து தொடங்கி ஒரு சுற்று. கம்பெனியில் பழுது இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்களாம். இங்கே அது ஏது? தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தார்.

மொத்தம் ஏழு பொட்டு. இடது அக்குளில் தையல் விட்டது. நீலப் பாக்கெட் கால் அங்குலம் ஏற்றம். பச்சை ரிப்பில் வெட்டாத நூல் இரண்டு இடத்தில். கழுத்தில் மடிப்பு சிக்கியது. ஜிப் முனை ஒன்றுக்கொன்று ஒரு நூல் ஏறி இறங்கியிருப்பது. ஏழாவது, பின்பக்க மஞ்சளில் ஒரு சின்ன அழுக்கு. அது என் சாம்பார்.

"இதை பாஸ் பண்ணுவீங்களா, ரிஜெக்ட் பண்ணுவீங்களா அத்தை?"

"ரீ ஒர்க்" என்றார்.

டிசம்பர் 27, வெள்ளி

ஐந்தைச் சரிசெய்தேன். பாக்கெட்டைப் பிரிக்க மனம் வரவில்லை. ஜிப்பைத் தொடவே மாட்டேன்.

இன்று காலை எதிர்ப்பக்கத் தோட்டத்துப் புல் முழுக்க வெள்ளையாக உறைபனி. அத்தை மஞ்சளும் சிவப்பும் ரோஸ் ஜிப்புமாக, ஜாக்கெட் மேலே முந்தானையை எடுத்து விட்டுக்கொண்டு, பால் வாங்கக் கிளம்பினார். பாக்கெட்டிலும் ஜிப்பிலும் இரண்டு பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும், வந்து பார்க்கறேன்" என்றார்.