தமிழ் எம்.ஏ. முடித்து ஜே.ஆர்.எஃப். வாங்கியது இப்படித்தான்

எம்.ஏ. தமிழ் முடித்ததும் வீட்டில் எல்லாரும் சொன்னது, "பேசாமல் பி.எட். சேர்ந்துவிடு." எனக்கு ஆய்வு செய்ய ஆசை. ஆனால் நாலைந்து வருஷம் கையில் காசு வராமல் பிஎச்.டி. படிக்க வசதி இல்லை. இந்தச் சிக்கலுக்கு வழி யுஜிசி நெட் (பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வு) எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையை எடுப்பது. முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, கூடவே வீட்டு வாடகைப்படி. கலைப் பாடம் படித்தவர்களுக்கு இவ்வளவு கண்ணியமான தொகை வேறு எங்கும் சுலபத்தில் கிடைக்காது.

தேர்வு 3 மணி நேரம், இரண்டு தாளும் ஒரே மூச்சில். 150 கேள்வி, 300 மதிப்பெண், தப்பான விடைக்குக் கழிவு இல்லை. தமிழ்த் தாளில் எனக்குப் பயமில்லை. தமிழ்வழியில் படித்தவர்களை மடக்குவது 50 கேள்விகள் கொண்ட முதல் தாள்தான். அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வரும். அட்டவணை, சதவீதக் கணக்குகளை வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த தம்பி சொல்லித் தந்தான். "அக்கா, எல்லாவற்றையும் போட்டுப் பார்க்காதே, விடைகளை முதலில் பார்" என்பான்.

அதே முதல் தாளின் தர்க்கப் பகுதியில் பிரத்தியட்சம் (நேரில் காண்பது), அனுமானம் (ஊகித்து அறிவது), ஹேத்வாபாசம் (போலிக் காரணம்) என்று ஒரு பட்டியல் உண்டு. பயிற்சி மையக் குறிப்புகளில் அதை நெட்டுருப் போடச் சொல்வார்கள். எனக்கு அது மணிமேகலையாகவே தெரிந்தது. 27ஆம் காதையில் அளவைவாதி, அதாவது அறியும் வழிகளைப் பேசும் தர்க்கவாதி, காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று அடுக்குவது இதைத்தான். 29ஆம் காதையில் மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களை போல என்று பௌத்தத் துறவி அறவண அடிகள் விளக்குவார். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), அப்புறம் இவற்றில் வரும் பிழைகளான போலிகள். வகுப்பில் பரீட்சைக்கு வராது என்று எல்லாரும் தாண்டிப்போகும் காதை அது! எனக்கு அந்தப் பகுதியில் தனியாகப் படிக்க வேண்டியது ஆங்கிலப் பெயர்களை மட்டும்தான்.

படிப்பைவிட அலைக்கழித்தது சான்றிதழ். நம்மிடம் இருக்கும் சாதிச் சான்றிதழ் போதாது. இடஒதுக்கீட்டுக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று நகர வேண்டும். விண்ணப்பத் தேதி அறிவிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். என் தோழியின் பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். சம்பளத்தைக் கூட்டி, ஓபிசி சான்றிதழுக்கான ஆண்டு வருமான வரம்பான 8 லட்சத்தைத் தாண்டுகிறது என்று திருப்பிவிட்டார்கள். அந்த வரம்பில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. 1993ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் அவளுக்குக் கிடைத்தது.

ஜே.ஆர்.எஃப்.புக்குப் பொதுப்பிரிவில் வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. இதே தேர்வு தரும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே கிடையாது. ஆகவே திருமணம், குழந்தை என்று இடைவெளி விழுந்தவர்களும் தாராளமாக எழுதலாம்.

தேறியதும் பணம் கொட்டும் என்று நினைக்க வேண்டாம். நெறியாளர் கிடைத்து, பிஎச்.டி. பதிவாகி, பிறகு மாதாமாதம் நீங்கள் படிக்கும் நிறுவனம் இணையத்தில் உறுதிசெய்தால்தான் தொகை வரும். எனக்கு முதல் சில மாதத் தொகை மொத்தமாகத்தான் வந்தது. அதுவரை டியூஷன் எடுத்துச் சமாளித்தேன். சேரும்போதே விடுதிக் கட்டணத்துக்காவது கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.