பாஸ் மீனுக்கு லூர் வாங்கும்போது: முதலில் ஆழம், பிறகு வேகம், கடைசியில் நிறம்

டெக்சஸில் பாஸ் மீன் பிடிக்கப் புதிதாக இறங்கும் நம் நண்பர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த நிறத்தில் லூர், அதாவது செயற்கை இரை, வாங்க வேண்டும் என்பதைத்தான். கடையின் ஒரு சுவர் முழுக்க ஒரே வடிவ ரப்பர் புழு விதவிதமான நிறங்களில் தொங்கும்போது கண் அங்கேதான் போகும். ஆனால் அன்றைக்கு மீன் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது, எவ்வளவு வேகமாகப் போகும் இரையைத் துரத்தக்கூடிய நிலையில் இருக்கிறது என்ற இரண்டும் பிடிபட்டுவிட்டால், லூர் பெட்டியில் முக்கால்வாசியை மூடி வைத்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

பாஸ் என்று நான் இங்கே சொல்வது பெருவாய் பாஸைத்தான்; அது ஒளிந்திருந்து தாக்கும் மீன். மூழ்கிய மரக்கட்டை, படகுத்துறையின் நிழல், பாசிப் படலத்தின் ஓரம் என்று ஏதாவது ஒரு மறைவில் நின்றுகொண்டு, அருகே வரும் இரையை வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். நெடுந்தூரம் துரத்திப் பிடிப்பது அதன் வழக்கமில்லை. கண்ணால் பார்ப்பதோடு, உடலின் பக்கவாட்டுக் கோட்டால் நீரின் அதிர்வையும் அது உணர்கிறது. குளிர்ந்த இரத்தப் பிராணி என்பதால், நீரின் வெப்பநிலைதான் அதன் சுறுசுறுப்பைத் தீர்மானிக்கிறது. ஆகவே மீன் நிற்கும் ஆழத்திலேயே, அதன் வாய்க்கு எட்டும் தூரத்திலேயே, முடிந்தவரை அதிக நேரம் இருக்கக்கூடிய லூர்தான் நல்ல லூர்.

ஆழத்தைப் புரிந்துகொள்ள கிராங்க்பெய்ட் மிக எளிய பாடம். மீன் வடிவில் இருக்கும் அந்த லூரின் மூக்கில் ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். தகடு குட்டையாக, சதுரமாக இருந்தால் லூர் மூன்று முதல் ஐந்து அடி வரை இறங்கும். நீளமாக, அகலமாக இருந்தால் பதினைந்து அடிக்கும் கீழே போகும். தூர எறிந்தால் இன்னும் ஆழம் கிடைக்கும். தூண்டில் நரம்பு மெலிதாக இருந்தாலும் அப்படியே. ஆறடி ஆழத்தில் கட்டைகள் கிடக்கும் இடத்தில் நான்கடி மட்டுமே இறங்கும் லூரை இழுத்தால் அது மீனின் தலைக்கு மேலே வெறுமனே கடந்துபோகும். ஆகவே அடித்தளத்தைவிடச் சற்று ஆழமாக இறங்கும் லூரையே நான் தேர்ந்தெடுக்கிறேன். அது கட்டையில் மோத வேண்டும். மோதியதும் லூர் ஒரு பக்கமாகத் துள்ளி விலகும். அந்தக் கணத்தில் ரீலைச் சுழற்றுவதை நிறுத்தினால் அது மெல்ல மேலே எழும். கடி பெரும்பாலும் அப்போதுதான் விழுகிறது. சதுரத் தகடு தூண்டில் முள்ளுக்கு முன்னால் போய் மோதுவதால், பார்ப்பவர் பயப்படும் அளவுக்குக் கட்டையில் சிக்குவதும் இல்லை.

நரம்பின் தேர்வும் இதில் அடங்கும். ஃப்ளூரோகார்பன் நரம்பு நீரில் அமிழும். பின்னல் நரம்பு மிதக்கும். நைலான் இரண்டுக்கும் நடுவில். மேற்பரப்பில் தத்தி வரும் லூருக்கு ஃப்ளூரோகார்பனைக் கட்டினால் நரம்பே லூரின் மூக்கைக் கீழே இழுத்து அதன் ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

வேகத்துக்கு வெப்பமானியே வழிகாட்டி. நீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்கும் குளிர்காலத்தில் பாஸ் அதிகம் நகராது. அப்போது ஜெர்க்பெய்ட் என்னும் ஒல்லியான லூரை, நீரின் நடுவில் அசையாமல் தொங்கி நிற்கும் வகையாகப் பார்த்து வாங்கி, தூண்டில் கோலை இரண்டு முறை சுண்டிவிட்டு, பத்து விநாடியோ அதற்கு மேலோ நிறுத்தி வைக்க வேண்டும். நிறுத்தி வைப்பதுதான் கடினம். கை தானாகவே சுழற்றப் பார்க்கும். 55 டிகிரியைத் தாண்டியதும் மீன் முட்டையிடும் காலத்துக்கு முன்பான பசியோடு கரையோரம் நகரத் தொடங்கும். அது தகடில்லாத, உள்ளே குண்டுகள் குலுங்கும் கிராங்க்பெய்டின் காலம். அதை ஹைட்ரில்லா பாசியின் தலையை உரசும்படி இழுத்து, பாசியில் மாட்டியதும் வெடுக்கென்று பிடுங்கினால், பாசியிலிருந்து தப்பி ஓடும் சிறு மீனாகவே அது தோன்றும். கோடையில் விடியற்காலை மட்டும் மேற்பரப்பு லூர் உதவும். வெயில் ஏறியபின் மீன் ஆழத்துக்குப் போய்விடுவதால் நாமும் அங்கேதான் போக வேண்டும். இலையுதிர் காலத்தில் ஷாட் என்னும் வெள்ளிநிறச் சிறு மீன் கூட்டங்கள் ஓடைகளின் வாய்க்குள் நுழையும்போது பாஸும் பின்னாலேயே வரும். அப்போது தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட் போதும்.

இத்தனைக்கும் மேலாக, ஆண்டு முழுவதும் கைவிடாத ஒன்று ரப்பர் புழு. 1949இல் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் தம் மனைவியோடு வீட்டிலேயே அச்சில் வார்த்து உருவாக்கிய மென்மையான பிளாஸ்டிக் புழுதான் இன்றைய வகைகளுக்கெல்லாம் முன்னோடி. பின்னர் அவர்களுடைய தொழில் டெக்சஸின் டைலர் நகருக்கே வந்து சேர்ந்தது. அந்தப் புழுவை முள் வெளியே தெரியாமல் கோர்க்கும் முறைக்கு டெக்சஸ் ரிக் என்றே பெயர்.

கோர்ப்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பலருடைய புழு இங்கேதான் பாழாகிறது. முதலில் தோட்டா வடிவ ஈயக்குண்டை, கூர்மையான பக்கம் கோலை நோக்கி இருக்கும்படி நரம்பில் நுழைத்துவிட்டு, 3/0 அளவுள்ள, கழுத்து வளைந்த முள்ளைக் கட்டுங்கள். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் நேராகக் கால் அங்குலம் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். புழுவை முள்ளின் கழுத்து வரை தள்ளி, முள்ளை அரைவட்டம் திருப்புங்கள். இப்போது முள்ளைப் புழுவின் உடலை ஒட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் வளைவு எங்கே வந்து முடிகிறது என்பது தெரியும்; சரியாக அந்த இடத்தில் நுனியைக் குத்தி மறுபக்கம் எடுத்து, மேல்தோலில் மட்டும் லேசாகப் புதைத்துவிடுங்கள். கையில் தூக்கிப் பார்த்தால் புழு நேராகத் தொங்க வேண்டும். கோணலாக இருந்தால் நீரில் சுழன்று நரம்பை முறுக்கும், மீனுக்கும் அது உயிருள்ளதாகத் தோன்றாது; தயங்காமல் பிரித்து மறுபடி கோர்த்துவிடுங்கள்.

எறிந்தபின் புழு அடியைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கோலை மெல்ல உயர்த்தி, லேசான தளர்வோடு திரும்ப விழவிட வேண்டும். கடி பெரும்பாலும் விழும்போதுதான் கிடைக்கும் என்பதால் கண் நரம்பின் மேலேயே இருக்கட்டும். நரம்பு சட்டென்று ஒரு துள்ளல் துள்ளலாம், பக்கவாட்டில் நகரலாம், அல்லது அடியைத் தொடுவதற்கு முன்பே தளர்ந்து நின்றுவிடலாம். மூன்றாவதைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பதன் அடையாளம் அது. தளர்வைச் சுருட்டிக்கொண்டு உடனே ஓங்கி இழுங்கள். தாமதித்தால் மீன் முள்ளை விழுங்கிவிடும். கிழக்கு டெக்சஸின் லேக் ஃபோர்க் ஏரியில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பெருவாய் பாஸைத் திரும்ப விட்டாக வேண்டும் என்பது சட்டம். தொண்டையில் முள் இறங்கிய மீனை விட்டாலும் அது பிழைப்பது அரிது. அந்த ஏரியில் 1992 ஜனவரியில் பிடிபட்ட 18.18 பவுண்டு மீன்தான் டெக்சஸ் மாநிலத்தின் சாதனை. பெரிய மீன்களை வாழவிடுவதற்காகவே அங்கே விதி இவ்வளவு கடுமையாக இருக்கிறது.

கடி உணரும் பழக்கம் இன்னும் வராதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கேரி யமமோட்டோ நிறுவனத்தின் சென்கோ என்னும் ரப்பர் புழு. பேனா போன்ற வெறும் குச்சிதான் அது. ஆனால் பிளாஸ்டிக்கில் உப்பு கலந்திருப்பதால் ஈயம் இல்லாமலேயே இறங்கும். நடுவில் முள்ளைக் குத்தினால் இரு முனைகளும் நடுங்கியபடி கிடைமட்டமாக விழும். எறிந்துவிட்டுச் சும்மா இருப்பதே அதை இயக்கும் முறை.

பாசி மூடிய இடத்துக்கு உள்ளே காற்றுள்ள ரப்பர் தவளை. ஊரில் விராலுக்குத் தவளை போட்டவர்களுக்கும், இன்றைக்கு அதே விராலுக்கு இந்த ரப்பர் தவளையையே வீசுபவர்களுக்கும், இது புதிதாக இராது. ஐம்பது பவுண்டுக்குக் குறையாத பின்னல் நரம்பு வேண்டும், இல்லையேல் மீனைப் பாசிக்குள்ளிருந்து வெளியே கொண்டுவர முடியாது. மீன் பாய்ந்து நீர் வெடித்ததும் இழுத்துவிடாமல், கோலில் மீனின் கனம் தெரியும்வரை பொறுத்து இழுக்க வேண்டும். புழுவுக்குச் சொன்னதற்கு இது நேர்மாறானது.

இனி நிறம். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெருவாய் பாஸின் பார்வையைப் பற்றிச் செய்து 2019இல் வெளியான ஆய்வின்படி, அதன் கண்ணில் சிவப்புக்கும் பச்சைக்குமான இரண்டு வகைக் கூம்பு செல்களே உள்ளன. அந்த இரண்டு நிறங்களையும் அது நன்றாகவே பிரித்தறிகிறது. ஆனால் பளிச்சென்ற மஞ்சட்பச்சையை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொள்கிறது. கடைச் சுவரில் நமக்கு வெவ்வேறாகத் தெரியும் பல நிறங்கள் மீனுக்கு ஒன்றாகவே தெரியக்கூடும். எனவே தெளிந்த நீரில் பூசணிப்பச்சை நிறப் புழு, கலங்கிய நீரில் உருவம் அழுத்தமாகத் தெரியும் கறுப்பு நீலம், ஷாட் மீன் திரியும் இடத்தில் வெள்ளி அல்லது வெள்ளை என்று மூன்றோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கிராஃபிஷ் என்னும், இறால் போன்ற நன்னீர்ப் பிராணி நடமாடத் தொடங்கும்போது, கிழக்கு டெக்சஸ் ஏரிகளில் ஹைட்ரில்லாவின் மேல் இழுப்பதற்குச் சிவப்பு நிறத்தில் அரை அவுன்ஸ் எடையுள்ள, தகடில்லாத கிராங்க்பெய்ட் ஒன்றைத் தனியாக வாங்கி வையுங்கள்.