பர்ஸ் தொலைந்தது சிங்கப்பூரில், கார்டு வந்தது பாளையங்கோட்டைக்கு

போன மாதம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் இடியாப்பம் வாங்கிவிட்டுப் பையைத் தொட்டால் பர்ஸ் இல்லை. சட்டைப்பையில் ஒரு வெள்ளிக் காசு இரண்டு (சிங்கப்பூரில் டாலரை வெள்ளி என்பார்கள்). அவ்வளவுதான் சொத்து.

உடனே வங்கிச் செயலியில் கார்டை முடக்கினேன். அது இரண்டு நிமிட வேலை. அப்புறம் சேவை எண்ணில் இருபது நிமிடம் பாட்டு கேட்டேன். "புதுக் கார்டு உங்க பாளையங்கோட்டை அட்ரஸுக்குத்தான் சார் வரும்." சரி, அப்பாவைப் பணம் அனுப்பச் சொல்லலாம் என்றால், நம்ம ஊர் மணி டிரான்ஸ்பர் கடைகளில் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை வாங்கத்தான் முடியும், அனுப்ப முடியாது.

காப்பாற்றியது யுபிஐதான். 2023 பிப்ரவரியில் அதைச் சிங்கப்பூரின் பேநவ்வோடு, அதாவது செல் நம்பருக்குப் பணம் அனுப்பும் அந்த ஊர் முறையோடு, இணைத்தார்கள். தொடங்கியபோது ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை அனுப்பலாம் என்றார்கள். நம்ம வங்கி அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், அது முக்கியம்.

சிராங்கூன் சாலையில் கடை வைத்திருக்கும் கடையநல்லூர் அண்ணாச்சியின் செல் நம்பருக்கு 30,000 போட்டேன். அவர் போனில் சத்தம் வந்ததும், விரலை நனைத்து வெள்ளித் தாள்களை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். "முதல்ல சாப்பிடுங்க தம்பி" என்று பரோட்டாவும் வந்தது. இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. தண்டச் செலவு என்று அதற்காகத் தம்பியிடம் சண்டை போட்டவன் நான்!

அம்மாவுக்குப் போன் செய்தால், "ஏல, துட்டு போனா போவுது, பர்ஸுல இருந்த முருகன் படம் என்னாச்சு?"

புதுக் கார்டு எனக்கு முன்னால் வீடு வந்துவிட்டது. அம்மா அதை அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். இன்னும் சீரக வாசம் போகவில்லை.