காரணம்: காற்று

2013 மார்ச்சில் ஒரு மத்தியானம் தலையாரியிடமிருந்து, அதாவது என் கிராம உதவியாளரிடமிருந்து, போன் வந்தது. "சார், வாய்க்கால் கரைல ஒரு வீடு போச்சு." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தேவைப்படவில்லை. மார்ச் மாதத்தில் கீற்று வீடு எப்படிப் போகும் என்று தெரியாமல் காவிரிக் கடைமடையில் யாரும் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) வேலை பார்த்துவிட முடியாது.

பைக்கில் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காய்ந்த கீற்று எரியக் கால் மணி நேரம் போதும். வீடு இருந்தது வாய்க்கால் கரையில், ஆனால் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மேட்டூரை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம், ஜூன் 12-ல் திறந்தால் உண்டு. ஊர்க்காரர்கள் செய்ததுதான் சரியான காரியம்: எரிகிற வீட்டை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக் கூரையைத் துறட்டியால் பிய்த்துப் போட்டிருந்தார்கள். அதனால் ஒன்றோடு நின்றது. தீயணைப்பு வண்டி கரைக்குள் வர முடியாமல் ரோட்டிலேயே நின்று, குழாயை நீட்டி, புகையை நனைத்துவிட்டுப் போனது.

கூரை முழுக்கச் சாம்பல். மண்சுவர் நாலும் கறுத்துப்போய் நின்றன. உள்ளே ஒரு மூலையில் அரசாங்கம் கொடுத்த மிக்சி உருகி, வடித்த கஞ்சி ஆறிக் கிடப்பதுபோல் தரையோடு ஒட்டியிருந்தது. மருமகள் நூறு நாள் வேலையிலிருந்து மண்வெட்டியோடு ஓடி வந்திருந்தார். இனி அந்த வீட்டின் சொத்து அந்த மண்வெட்டிதான். மகன் திருப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். மாமியார் கிழவி புளியமரத்தடியில் உட்கார்ந்து, யார் பேசினாலும் நிமிராமல் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மடியில் பேப்பரை வைத்து எழுத ஆரம்பித்தேன். குடும்பத்தலைவர், உறுப்பினர்கள், சேத விவரம். அடுத்தது, விபத்துக்கான காரணம். "அடுப்பு எரிஞ்சுதா? யாரு பத்த வச்சது?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது, அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது கிழவி மட்டும். வெந்நீர் போட்டிருக்கிறார். கூட்டம் சட்டென்று அமைதியாகிவிட்டது. மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காத்துதான் சார். காத்துன்னு எழுதுங்க" என்றார்.

எழுதினேன். இருபது வருஷ சர்வீசில் நான் எழுதிய அறிக்கைகளில் உண்மைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தவை குறைவு. அன்றைக்குக் காற்றும் அடிக்கத்தான் செய்தது.

அடுத்த சிக்கல் சேத விவரத்தில். அதற்கு இரண்டே வகை, முழு சேதம், பகுதி சேதம். முழுசுக்கு அப்போது ரூ.5,000, பகுதிக்கு ரூ.2,500. சுவர் நிற்கிறதே, ஆடிட்டில் கேட்பார்களே என்று நான் 'பகுதி' என்று எழுதினேன். தலையாரி படித்துக் காட்டினார். முதல் முறையாகக் கிழவி நிமிர்ந்தார். "செவுத்து மேலயா கணக்குப்புள்ள நாங்க படுக்குறது?"

கர்ணம், கணக்குப்பிள்ளை எல்லாம் 1980-லேயே ஒழிந்த பதவிகள். ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் வி.ஏ.ஓ. நுழையவே இல்லை. நான் பதில் சொல்லாமல் பேனாவை மூடினேன். தலையாரி, "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தண்ணி ஊறின செவுரு" என்றபடி போய் அதன் மேல் சாய்ந்தாற்போல் நின்றார். சுவர் பொத்தென்று உள்பக்கம் விழுந்தது. அவர் சாய்ந்ததால் விழுந்ததா, ஊறியதால் விழுந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. பேப்பரைக் கிழித்துவிட்டு 'முழு சேதம்' என்று புதிதாக எழுதினேன்.

சாயங்காலமே நிவாரணம் வந்துவிட்டது. அந்த விஷயத்தில் எங்கள் துறையைக் குறை சொல்ல மாட்டேன். பணம், அரிசி, வேட்டி, சேலை, மண்ணெண்ணெய். கூடவே போட்டோ எடுக்க ஒரு தம்பியும் வந்தார். அங்கேதான் இடறியது. மருமகள் முன்னால் வர மறுத்தார். அதிகாரிகள் காத்திருக்கிறார்கள், எனக்குச் சங்கடம். பக்கத்தில் போய்க் கேட்டபோது மெதுவாகச் சொன்னார்: "இது எதுத்த வீட்டு அக்கா பொடவை சார். பேப்பர்ல வந்தா அவங்க சொந்தக்காரங்க கேப்பாங்க." வேலைக்குக் கட்டியிருந்த புடவை ஓடி வந்ததில் கிழிந்து, இரவல் வாங்கிக் கட்டியிருக்கிறார். கடைசியில் கிழவிதான் போட்டோவில் நின்றார். மண்ணெண்ணெய் கேனை மட்டும் தொடவில்லை. "இந்தக் கருமாந்தரத்தை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். பட்டியலில் இருப்பதைத் திருப்பி எடுக்க முடியாது. எதிர்வீட்டில் வைத்தோம்.

மறுநாளிலிருந்து உதவி குவிந்தது. குவிந்தது என்றால் பழைய துணி. மூன்று மூட்டை, அதில் ஒரு கோட்டும் இருந்தது. இரவு வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒரே கேள்வி கேட்டார்: "உள்பாவாடை யாராச்சும் குடுத்தாங்களா?" நான் முழித்தேன். "அந்த வீட்ல ரெண்டு பொம்பளை, ஒரு வயசுப் பொண்ணு. பழசுல அதெல்லாம் யாரு குடுப்பா?" அடுத்த நாள் அவரே கடைக்குப் போய் உள்ளாடைகள், நாப்கின், சீப்பு, சோப்பு, ஒரு பக்கெட், ஒரு அரிவாள்மனை வாங்கி, வெளியே தெரியாத கட்டைப்பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு எந்தத் தீ விபத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது அரிவாள்மனை இருக்கிறதா என்றுதான். அரிசி எல்லோரும் கொடுப்பார்கள். காய் நறுக்க ஒன்றும் இருக்காது.

வயசுப் பெண் என்று சொன்னேனே, அது பேத்தி. ப்ளஸ் டூ. இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. தீப்பிடித்தபோது பள்ளியில் இருந்ததால் உடம்பில் இருந்த சீருடையும் கையில் இருந்த ஹால் டிக்கெட்டும் தப்பின. நோட்டுகள், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், அரசு கொடுத்த லேப்டாப் மூன்றும் போய்விட்டன. அந்தப் பெண் அழுதது லேப்டாப்புக்கு. அதுவும் போய்விட்டதே என்று இல்லை. "திருப்பிக் கேப்பாங்களா சார்?" என்று பயந்து அழுதது. கேட்க மாட்டார்கள் என்று நான் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

எரிந்த பிறகுதான் தெரியும், ஒரு ஏழைக் குடும்பம் எத்தனை காகிதத்தின் மேல் நிற்கிறது என்று. ரேஷன் கார்டு அப்போது ஸ்மார்ட் கார்டு இல்லை. வருஷா வருஷம் உள்தாள் ஒட்டி இழுத்துக்கொண்டிருந்த பழைய அட்டை. கடை விற்பனையாளர் தன் பதிவேட்டில் நம்பரைத் தேடிப் பிடித்து, அட்டை இல்லாமலேயே அந்த மாத அரிசியைப் போட்டார். மார்க் ஷீட் நகலுக்குப் பள்ளித் தலைமையாசிரியர் மூலம் மனுப் போட வேண்டும், திரும்பக் கிடைக்க வழியில்லாமல் போய்விட்டது என்று தாசில்தார் சான்று வேண்டும். அது எங்கள் கையில் இருந்ததால் சீக்கிரம் முடிந்தது. இன்னொரு காகிதத்துக்காகப் போன ஓர் அலுவலகத்தில், 'தொலைந்துவிட்டது' என்று போலீசில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். தொலையவில்லை, எரிந்தது என்றேன், தீயணைப்புத் துறை சான்றையும் காட்டினேன். "எரிஞ்சதுக்கு இங்க ஃபார்ம் இல்ல சார், தொலைஞ்சதுக்குத்தான் இருக்கு." சரி, தொலைத்தோம்.

எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. அஞ்சறைப்பெட்டியில் நூறு நாள் வேலைப் பணம் கொஞ்சம் வைத்திருந்தார்கள். தகரம் சூடேறி உள்ளே நோட்டு கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. மருமகள் ஆர்வத்தில் பிரிக்கப் பார்த்து, பாதி பொடிந்தது. இப்படிக் கருகிய நோட்டை வங்கிக் கிளையில் மாற்ற முடியாது, ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கே கொண்டுபோக வேண்டும். எங்களுக்கு அது சென்னை. பிரிக்காமல், தொடாமல், பஞ்சில் வைத்துப் பெட்டியோடு கொண்டுபோனால் தேறுவது தேறும். இதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லவும் சொன்னேன். ஆனால் சென்னை போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் யார் கொடுப்பது? நான் கொண்டுபோகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் வேறு வேலையாகச் சென்னை போனபோது ஞாபகம் வந்தது, எழும்பூரில் இறங்கிய பிறகு.

வீடு? அதுதான் பெரிய கதை. பசுமை வீடு திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது, 300 சதுர அடி. ஆனால் வீட்டுக்குப் பட்டா வேண்டும். இவர்கள் இருந்தது வாய்க்கால் புறம்போக்கு. நீர்நிலைப் புறம்போக்கில் யார் நினைத்தாலும் பட்டா தர முடியாது. வேறு இடத்தில் வீட்டுமனை கேட்கலாம் என்றால், இந்த ஊரில் இத்தனை வருஷமாக இருக்கிறோம் என்பதற்கு ஆதாரம் வேண்டும். இருந்ததெல்லாம் சாம்பல்.

அப்போதுதான் பி-மெமோ நினைவுக்கு வந்தது. புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கு, 'நீ ஆக்கிரமிப்பாளர், தீர்வை கட்டு' என்று வருஷா வருஷம் நாங்கள் கொடுக்கும் நோட்டீஸ். ஒவ்வொரு முறையும் அந்தக் கிழவியிடம் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வாங்கி, இரண்டு வார்த்தை அதட்டிவிட்டு வருவேன். என் அலுவலகப் பெட்டியைக் குடைந்தேன். எனக்கு முன் இருந்தவர்கள் கொடுத்ததும் நான் கொடுத்ததுமாகப் பதினோரு வருஷத்து நகல்கள் கிடைத்தன. அத்தனையிலும் கிழவியின் பெயர், கிழவியின் ரேகை. வெளியேற்றுவதற்காக எழுதிய காகிதங்கள்தான் அவர் அங்கே வாழ்ந்ததற்கு இருந்த ஒரே சாட்சி. பசலி 1422 ஜமாபந்தியில், அதாவது அந்த வருவாய் ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்து மனுவும் வாங்கும் முகாமில், நகல்களை இணைத்து மனுக் கொடுக்க வைத்தோம்.

உடனே எதுவும் நடக்கவில்லை. ஊர்க்காரர்கள் போட்ட கீற்றுக் கொட்டகையில் இரண்டு மழைக்காலம் கழிந்தது. மகன் திருப்பூரை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். பேத்தி நர்சிங் சேர்ந்தது. அப்புறம் நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், மூன்று சென்ட் கிடைத்து, சுவர் எழும்பி, கான்கிரீட் போட்டார்கள்.

புதுமனைக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். கிழவிக்குக் கண் மங்கியிருந்தது, குரல் மங்கவில்லை. "கணக்குப்புள்ள, இந்த வருசம் எனக்கு நோட்டீசு வரலியே?" என்றார்.

"பட்டா வந்துடுச்சுல்ல ஆயா, இனிமே வராது."

நம்பாமல் தலையை ஆட்டிவிட்டு, வாசல் நிலையோரம் ஆணியில் மாட்டியிருந்த மஞ்சப்பையை எடுத்து வரச் சொன்னார். ஓடும்போது முதலில் கைக்கு எட்ட வேண்டும் என்று அங்கே மாட்டியிருக்கிறார்களாம். பேத்தி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது: பட்டா, ரேஷன் கார்டு, புது மார்க் ஷீட். எல்லாம் சாதாரணப் பிளாஸ்டிக் கவரில். அடியில் இருந்த ஒன்றை மட்டும் லேமினேட் செய்திருந்தார்கள். என் கையெழுத்துப் போட்ட பி-மெமோ.