ஈவென்ட்டுக்குள் தங்கிவிட்ட பழைய எஸ்கியூஎல் மோட்

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் தினமும் ராத்திரி ஓடும் ஒரு ஈவென்ட் (நேரம் குறித்து வைத்த வேலை), சந்தாதாரர்களின் அடுத்த கட்டணத் தேதியை எழுதும். சிலருக்கு மட்டும் நினைவூட்டல் மின்னஞ்சல் தினமும் போய்க்கொண்டிருந்தது, மாதம் மாறியதும் தானாக நின்றது. டேபிளைத் திறந்தால் அந்த வரிசைகளில் எல்லாம் 0000-00-00.

நடப்பு ஆண்டு, நடப்பு மாதத்தோடு ஒன்று, சேர்ந்த நாள் என மூன்றையும் கான்கேட் போட்டு ஒட்டித் தேதியாக்கியிருந்தார்கள். 31ஆம் தேதி சேர்ந்தவருக்கு ஜனவரியில் அது பிப்ரவரி 31. டிசம்பரில் மாதமே 13 ஆகிவிடும், அப்போது எல்லாருக்கும் கோளாறுதான். தப்பான மதிப்பைப் பிழை என்று நிராகரிக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாவிட்டால் மைஎஸ்கியூஎல் ஒரு எச்சரிக்கையோடு பூஜ்யத் தேதியை எழுதிவிடும். அது எந்தத் தேதியையும் விடச் சிறியது என்பதால் 'இன்று அல்லது அதற்கு முன்' என்ற நிபந்தனையில் மறுநாளும் அதே வரிசை சிக்கும். பிப்ரவரி பிறந்தால் கணக்கு மார்ச் 31 என்று வரும், அது சரியான தேதி, பிரச்சினை தீர்ந்த மாதிரி தெரியும்.

ஆனால் மைஎஸ்கியூஎல் 5.7 பதிப்பு முதல் ஸ்ட்ரிக்ட் மோட் இயல்பாகவே இருக்கிறதே, சர்வர் முழுவதற்குமான குளோபல் மதிப்பும் சரியாகத்தானே இருந்தது? ஷோ கிரியேட் ஈவென்ட் கட்டளை போட்டதும் விடை கிடைத்தது. ஈவென்ட்டை உருவாக்கும்போது இருந்த எஸ்கியூஎல் மோட் (ஸ்ட்ரிக்ட் போன்ற விதிகளின் பட்டியல்) அதனுடனேயே சேமிக்கப்படுகிறது, சர்வரில் எதை மாற்றினாலும் அது அந்தப் பழைய மோடில்தான் ஓடும். இங்கே அது காலியாக, அதாவது ஸ்ட்ரிக்ட் இல்லாமல் இருந்தது.

உடனே மோடை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஒரே ஒரு தப்பான தேதி வந்தாலும் மொத்த அப்டேட்டும் பிழையில் நின்றுவிடும், அந்தப் பிழை சர்வரின் எரர் லாகில் போய் உட்கார்ந்திருக்கும், யார் கண்ணிலும் படாது. முதலில் கணக்கைத் திருத்த வேண்டும்: சேர்ந்த தேதியோடு டேட்_ஆட் மூலம் மாதங்களைக் கூட்டினால், இல்லாத 31ஐ அதுவே மாதக் கடைசி நாளாக்கிவிடும். போன மாதத் தேதியோடு கூட்டாதீர்கள், பிப்ரவரி 28க்கு அப்புறம் மார்ச் 28 என்று நாள் நகர்ந்துவிடும். பிறகு ஸ்ட்ரிக்ட் மோட் உள்ள செஷனில் (சர்வருடனான இணைப்பில்) ஆல்டர் ஈவென்ட் கட்டளை, அப்போது புதிய மோட் ஈவென்ட்டுடன் சேமிக்கப்படும்.

பழைய வரிசைகளைச் சுத்தம் செய்ய '0000-00-00' உடன் ஒப்பிட்டால் ஸ்ட்ரிக்ட் செஷனில் அந்த அப்டேட்டே பிழை தரலாம். மோடைத் தளர்த்தச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் விருப்பமில்லை; '1000-01-01' ஐ விடச் சிறியது என்று கேட்டாலே போதும்.

சோதிக்க, ஈவென்ட்டின் உடலை ஒரு ப்ரொசீஜரில் (அழைத்தால் ஓடும் சேமித்த நிரல்) வைத்து, செஷனின் டைம்ஸ்டாம்பை, அதாவது அது 'இப்போது' என்று எடுக்கும் நேரத்தை, ஜனவரி 31, டிசம்பர் 31 என்று மாற்றி ஓட்டிப் பார்த்தோம். ப்ரொசீஜரும், வரிசை மாறும்போது தானாக ஓடும் டிரிகரும்கூட உருவான நேரத்து மோடைச் சேமித்து வைப்பவைதான், அவற்றையும், இந்த விவரங்கள் இருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.