பின்வரிசை வாத்தியம்

கொழிஞ்சாம்பாறையில் விடாத மழை. நேற்று ராத்திரி முழுக்க பெர்ட்ராம் டுரெட்ஸ்கியின் டபுள் பேஸ் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆள் உயரத்தைத் தாண்டும் தந்தி வாத்தியம். இசைக்குழுவில் அதற்குப் பின்வரிசைதான். தனியாக வாசிக்க எழுதப்பட்டவை ரொம்பக் குறைவு. 1933இல் அமெரிக்காவில் பிறந்த இவர் அந்தக் குறையைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டார். இவருக்காக எழுதப்பட்ட படைப்புகள் மட்டும் 300க்கு மேல்! வில்லால் இழுப்பது, விரலால் மீட்டுவது, அப்புறம் மரத்தையே தட்டுவது. அந்தத் தட்டலில் எனக்கு மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் ஞாபகம் வந்துவிட்டது. பக்கவாத்தியத்தைக் காது கொடுத்துக் கேட்க வைத்தவர் அல்லவா அவரும்! 1974இல் டுரெட்ஸ்கி இந்த உத்திகளைப் புத்தகமாகவும் எழுதினார்.

தம்பி சித்தூரில் சர்ச் பாடகர் குழுவுக்கு பேஸ் கிடார் வாசிக்கிறான். “நம்மளை யாருண்ணா கவனிக்கிறாங்க?” என்பான். சரி, காலையிலேயே டுரெட்ஸ்கியின் வாசிப்பை அவனுக்கு அனுப்பிவிட்டேன்.