உப்பு போடாத பன்றி வறுவல்

சீனாவின் சோங்கிங் நகரிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபூலிங். யாங்சியும் வூ ஆறும் கூடும் இடத்தில், மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஊர். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பைஹெலியாங் பார்க்கத்தான் வருகிறார்கள். தாங் வம்ச அரசர்கள் காலத்திலிருந்து ஆற்றின் தாழ்ந்த நீர்மட்டத்தை மீன் உருவம் செதுக்கிக் குறித்துவந்த பாறை அது. யாங்சியின் குறுக்கே எழுந்த பேரணை தேக்கிய நீரில் அந்தப் பாறை மூழ்கிவிட்டதால், அதை 2009 முதல் தண்ணீருக்கடியில் இறங்கிப்போய்க் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். நானும் பார்த்தேன். ஆனால் என்னை இழுத்து வந்தது ஊறுகாய்.

ஜாட்சாய் என்று பெயர். சீன ரயில்களில் நூடுல்ஸ் கிண்ணத்தோடு சிறு பொட்டலமாகப் பிரித்துச் சாப்பிடுவார்களே, அதுதான். ஃபூலிங்கில் இதன் கதையை 1898இலிருந்து தொடங்குகிறார்கள். நாம் தாளிக்கும் கடுகின் இனத்தைச் சேர்ந்த செடியின் தண்டு இது. நமக்கு விதை போதுமாக இருந்தது. இவர்களோ தண்டையே பருக்கவைத்துவிட்டார்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிய அறுவடைக் காலத்தில் சந்தைக்குப் போனால் பச்சைப் பசேலென்று குவிந்து கிடக்கிறது. நூற்கோல் அம்மை கண்டதுபோல் உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமாக ஒரு காய்! அதைக் காற்றில் வாட்டி, உப்பிட்டு, நீர் போக அழுத்திப் பிழிந்து, மிளகாய்த்தூளும் சிச்சுவான் மிளகும் அன்னாசிப்பூவும் கலந்து ஜாடியில் இறுக்கி அடைத்துப் புளிக்கவைப்பது பழைய முறை. பெரிய ஆலைகள் காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. நேராக உப்புத் தொட்டியில் இறக்கிவிடுகின்றன.

தங்கியிருந்த விடுதியின் அம்மாளை, அங்கே எல்லோரும் அழைப்பதுபோல, நானும் 'ஆயி' என்றே அழைத்தேன். கைபேசி மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு, சமையலறையில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். "பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வெட்டத் தெரிந்தால் போதும்" என்றார்.

கொழுப்பில்லாத பன்றி இறைச்சியைச் சற்றுச் சாய்வாகப் பிடித்து மெல்லிய இழைகளாக வெட்டினார். சில துளி சோயா சாஸ், கொஞ்சம் அரிசி மது, ஒரு சிட்டிகை மாவு, இரண்டு கரண்டி தண்ணீர். இறைச்சி அந்த நீரை முழுதாகக் குடிக்கும்வரை விரலால் பிசைந்துகொண்டே இருந்தார். உப்பு இல்லை. பிறகு ஜாட்சாய். மேலே அப்பியிருந்த மிளகாயைக் கழுவி, அதையும் இறைச்சியின் கனத்துக்கே நறுக்கித் தண்ணீரில் போட்டார். இந்த வறுவலில் சாமர்த்தியம் வேண்டிய ஒரே இடம் இதுதான். ஊறல் குறைந்தால் வாய் கரிக்கும், மிஞ்சினால் வெறும் சக்கை. ஆயி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவ்வப்போது ஓர் இழையை எடுத்துக் கடித்தார், முகம் சுளித்தார், மறுபடி விட்டார். ஒருமுறை முகம் சுளிக்கவில்லை. உடனே அள்ளி இறுகப் பிழிந்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்தது கண்மூடித் திறப்பதற்குள். காய்ந்து புகைந்த இரும்புச் சட்டியில் எண்ணெய் ஊற்றி, இறைச்சியைப் போட்டு, நிறம் வெளுத்ததும் எடுத்துவிட்டார். அதே எண்ணெயில் இஞ்சி, பூண்டு, இரண்டு வற்றல் மிளகாய். ஜாட்சாயை ஈரம் வற்றும்வரை வதக்கி, இறைச்சியைத் திரும்பக் கொட்டி, துளி சர்க்கரையும் வெங்காயத்தாளும் தூவி இறக்கினார்.

இறைச்சி வழுக்கிக்கொண்டு போகிறது, ஊறுகாய் நறுக்கென்று கடிபடுகிறது. இந்தப் பக்கத்துச் சமையல் என்றாலே நாக்கு மரத்துப்போகும் காரம் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். சோங்கிங்கின் புகழ்பெற்ற கொதிகுழம்பைவிட (ஹாட்பாட்) எனக்கு இதுதான் பிடித்தது. வெறும் சோற்றுக்கு இதைவிட நல்ல துணை அங்கே நான் சாப்பிடவில்லை. மிஞ்சியதை மறுநாள் காலை நூடுல்ஸ் சூப்பின் மேல் கொட்டித் தந்தார்.

வாங்கி வர நினைப்பவர்கள் முழுக் காயாக அடைத்து விற்பதையே கேளுங்கள். இழைத்த பொட்டலங்களில் பெரும்பாலும் மிளகாய் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்தே வருகின்றன; கஞ்சிக்குச் சரி, சட்டிக்கு ஆகாது.